ஏரிக்கு வந்த கடற்காகம் எது? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

குளிர்கால நீர்ப்பறவைக் கணக்கெடுப்பு தொடங்கினால் போதும், பறவை பார்ப்போர் குழுக்களில் ஒரே வகைப் படம் வரத் தொடங்கிவிடும்: தூரத்தில் ஒரு வெள்ளைப் பறவை, கீழே "இது அரிய கடற்காகமா?" என்ற கேள்வி. கடற்கரையை விட்டுத் தள்ளியிருக்கும் தென்னிந்திய ஏரி, கண்மாய், அணைகளில் கடற்காகம் (gull) பார்ப்பவர்கள் திரும்பத் திரும்பக் கேட்கும் ஐயங்களை இங்கே தொகுத்திருக்கிறோம். பெரும்பாலான பதில்கள் ஒரே வரிசையில்தான் போகும். முதலில் வயது, அடுத்து இறக்கை நுனி, பெயர் கடைசியில். தலைகீழாகப் போனால்தான் சிக்கல்.

ஏரியில கடற்காகமா? அது கடல் பறவை இல்லையா?

நம் பக்கம் வரும் கடற்காகங்களில் பல, கடலையே பார்க்காத இடத்தில் பிறந்தவை. பழுப்புத்தலைக் கடற்காகம் லடாக், திபெத் போன்ற உயரமான பீடபூமி ஏரிகளில் கூடு கட்டுகிறது. பெரிய கருந்தலைக் கடற்காகம் மத்திய ஆசியாவின் உள்நாட்டு ஏரித் தீவுகளில் குஞ்சு பொரிக்கிறது. குளிர்காலத்தில் பெரும்பகுதி கடற்கரைக்கும் கழிமுகத்துக்கும் போனாலும், போகிற வழியில் பெரிய நீர்நிலைகளில் இறங்கும். மீன் கிடைத்தால் சில வாரங்கள் தங்கியும் விடும்.

அக்டோபர் முதல் ஏப்ரல் வரை இவற்றை எதிர்பார்க்கலாம். பரப்பு பெரிதாக, நடுவில் மணல் திட்டோ பாறையோ உள்ள நீர்நிலையில் வாய்ப்பு கூடுதல். ஆகாயத்தாமரை மூடிய ஏரியில் தேடுவது வீண்.

ஆலாவா, கடற்காகமா? அதுவே எனக்குக் குழப்பம்.

ஆலா (tern) கடற்காகத்தைப் போலவே தெரியும் இன்னொரு நீர்ப்பறவை. உட்கார்ந்திருக்கும்போது காலைப் பாருங்கள். ஆலாவின் கால் மிகக் குட்டை, வயிறு தரையைத் தொடுவதுபோல இருக்கும். கடற்காகம் நிமிர்ந்து நிற்கும், தாராளமாக நடக்கும். நீரில் தக்கைபோல உயர்ந்து மிதந்து நெடுநேரம் நீந்துவதும் கடற்காகம்தான். ஆலா நீந்துவது அபூர்வம்.

பறக்கும்போது ஆலாவின் இறக்கை ஒல்லி, அலகு நேராகக் கூர்மை. மீசை ஆலா தலையைக் குனிந்தபடி பறந்து நீர்ப்பரப்பில் கொத்தி எடுக்கும். ஆற்று ஆலா மேலிருந்து பாய்ந்து விழும். குழப்பம் தருவது இரண்டு ஆலாக்கள். தடித்த கறுப்பு அலகும் லேசான வால் பிளவும் கொண்ட பருத்த அலகு ஆலா ஒன்று. பழுப்புத்தலைக் கடற்காகத்தையே மிஞ்சும் உடம்பும், காரட் நிற அலகும் கொண்ட காஸ்பியன் ஆலா மற்றொன்று. "பெரிய சிவப்பு அலகுள்ள கடற்காகம்" என்று வரும் படங்களில் காஸ்பியன் ஆலாவுக்கு எப்போதும் பங்கு உண்டு.

எங்கள் ஏரியில் எந்தெந்த இனத்தை எதிர்பார்க்கலாம்?

முதலில் பழுப்புத்தலைக் கடற்காகம். வேறு எதுவென்று நிரூபிக்கும் வரை, உள்நாட்டு ஏரியில் தெரியும் நடுத்தர அளவுக் கடற்காகத்தை இதுவென்றே வைத்துக்கொண்டு தொடங்குங்கள். அடுத்து கருந்தலைக் கடற்காகம். பெரிய கருந்தலை, ஹியூக்ளின், ஸ்டெப்பி ஆகிய பெரிய கடற்காகங்கள் ஒன்றிரண்டாக வரக்கூடியவை. மெல்லலகுக் கடற்காகம் குஜராத் கடற்கரையில் எளிதாகத் தெரியும், தெற்கே வர வர அரிது. அதை உள்நாட்டில் பார்த்தேன் என்றால் நல்ல சான்று வேண்டும். சிறு கடற்காகம், கிட்டிவேக், சபைன் கடற்காகம் போன்றவை இந்தியாவுக்கே மிக அரிய விருந்தாளிகள்.

பழுப்புத்தலைக்கும் வெள்ளைத் தலை, கருந்தலைக்கும் வெள்ளைத் தலை. எப்படிங்க பிரிக்கிறது?

பெயரில் உள்ள தலை நிறம் இனப்பெருக்க காலத்துக்கானது. குளிர்காலத்தில் இரண்டுக்கும் தலை வெள்ளை, கண்ணுக்குப் பின்னால் ஒரு கறுத்த காதுப் புள்ளி. ஆகவே தலையை விட்டுவிட்டு இறக்கைக்கு வாருங்கள்.

முதிர்ந்த பழுப்புத்தலையின் இறக்கை நுனியில் அகலமான கறுப்புப் பகுதி இருக்கும். அந்தக் கறுப்புக்குள், வெளியோரத்து இரண்டு இறகுகளில் நீள்வட்டமாக வெள்ளைப் புள்ளிகள். கறுப்புக்கு உட்புறம், மணிக்கட்டை ஒட்டி ஒரு வெள்ளைத் திட்டு. கருந்தலையில் அமைப்பு நேர்மாறு. வெளி இறக்கையின் முன்விளிம்பு முழுக்க நீண்ட வெள்ளை முக்கோணமாக ஓடும், கறுப்பு அதன் பின்னோரத்தில் மெல்லிய கரையாக மட்டும் இருக்கும். சுருக்கமாகச் சொன்னால், கறுப்புக்குள் வெள்ளைப் புள்ளி பழுப்புத்தலை, வெள்ளைக்குக் கறுப்புக் கரை கருந்தலை.

கீழிருந்து பார்க்கும்போதும் இது பயன்படும். பழுப்புத்தலைக்கு அடி இறக்கையின் நுனி கருத்து, அதில் புள்ளிகள் பளிச்சிடும். கருந்தலைக்கு நடு இறகுகள் கருஞ்சாம்பலாகவும், முன்விளிம்பு வெள்ளைக் கீற்றாகவும் தெரியும். பிப்ரவரி கடைசி, மார்ச்சில் முக்காடு (தலையை மூடும் இனப்பெருக்க கால நிறம்) முளைத்த பிறகு பழுப்புத்தலையின் தலை வெளிறிய காப்பி நிறம், பின்னோரம் மட்டும் அடர்த்தி. கருந்தலையின் தலை அடர்ந்த சாக்லேட் நிறம். வெயிலில் இந்த நிறங்கள் ஏமாற்றும். அப்போதும் கடைசித் தீர்ப்பு இறக்கையில்தான்.

இறக்கையை விரிக்கவே மாட்டேங்குது, சும்மா மிதந்துகிட்டே இருக்கு. என்ன பண்றது?

காத்திருங்கள். கடற்காகங்கள் நன்னீரில் குளிக்க விரும்புபவை. குளிக்கத் தொடங்கினால் முதலில் தலையை முக்கி முக்கி எடுக்கும், பிறகு இறக்கையால் நீரை அடிக்கும், முடிவில் உடம்பை எழுப்பி இரண்டு மூன்று முறை இறக்கையை உதறும். அந்த உதறல்தான் உங்களுக்குத் தேவை. தலை முக்குவது தெரிந்த உடனே கேமராவைத் தயாராக வையுங்கள். திட்டில் நிற்கும் பறவை சோம்பல் முறிக்கும்போது ஒரு பக்க இறக்கையைக் காலோடு சேர்த்துக் கீழே நீட்டும், அதுவும் போதும். சேற்றுப் பூனைப்பருந்து மேலே வந்தால் கூட்டமே எழும். நீங்களாகக் கல்லெறிந்தோ படகை விட்டோ எழுப்ப வேண்டாம். எழுந்தவை நடு ஏரிக்குப் போய்விடும், உங்களுக்கும் அடுத்து வருபவருக்கும் படம் கிடையாது.

அதுவரை கண்ணையும் அலகையும் குறித்துக்கொள்ளுங்கள். முதிர்ந்த பழுப்புத்தலையின் கண் வெளிறியது, அலகு தடித்தது, உடம்பு சற்றுக் கனத்தது. கருந்தலையின் கண் எப்போதும் கறுப்பு, அலகு ஒல்லி, முகம் சாந்தமாகத் தெரியும். இவை துணைச் சான்றுகள் மட்டுமே. காலின் சிவப்பை எழுதி நேரத்தை வீணாக்காதீர்கள், இரண்டுக்குமே சிவப்புக் கால்தான்.

நுனி முழுக்கக் கறுப்பு, வெள்ளைப் புள்ளியே இல்லை, கண்ணும் கறுப்பு. புது இனம் ஏதாவது?

அநேகமாக முதல் குளிர்காலப் பழுப்புத்தலை. அந்த வயதில் வெள்ளைப் புள்ளிகள் இன்னும் வந்திருக்காது, கண்ணும் வெளிறியிருக்காது. வாலின் நுனியில் கறுப்புப் பட்டை, இறக்கையின் உள் பகுதியில் பழுப்பு இறகுகள், அலகின் அடி ஆரஞ்சு, நுனி கறுப்பு என்று இருந்தால் சந்தேகமே வேண்டாம், இளம் பறவை. அதே வயதுக் கருந்தலைக்கும் வால் பட்டையும் பழுப்பு இறகுகளும் உண்டு. ஆனால் வெளி இறக்கையில் வெள்ளை ஆதிக்கம் தெரியும். பழுப்புத்தலையில் நுனி கெட்டிக் கறுப்பு.

இன்னொரு காரணமும் உண்டு. அக்டோபரில் வந்திறங்கும் சில முதிர்ந்த பறவைகளுக்கு வெளியோர இறகுகள் முழுதாக வளர்ந்திருக்காது. புள்ளி இருக்க வேண்டிய இறகே பாதிதான் இருக்கும், இறக்கை நுனி மொட்டையாகத் தெரியும். வாலில் பட்டை இல்லாமல் சுத்த வெள்ளையாக இருந்தால் இந்தக் கோணத்தில் யோசியுங்கள்.

வயசு, வயசுன்னு சொல்றீங்களே, அதை எப்படிக் கண்டுபிடிக்கிறது?

வாலில் தொடங்குங்கள். கறுப்புப் பட்டை இருந்தால் முதிர்ந்த பறவை அல்ல. அடுத்து மடித்த இறக்கை: சீரான சாம்பல் என்றால் முதிர்ந்தது, பழுப்புக் கறைகள் கலந்திருந்தால் இளையது. மூன்றாவது அலகு: இளம் பறவையில் நிறம் மங்கல், நுனிக் கறுப்பு அதிகம்.

சிறிய இனங்கள் இரண்டாம் குளிர்காலத்திலேயே ஏறத்தாழ முதிர்ந்த தோற்றத்துக்கு வந்துவிடும். பெரிய கருந்தலை, ஹியூக்ளின் போன்றவற்றுக்கு நான்கு ஆண்டுகள் வரை ஆகும். ஆகவே ஒரே பெரிய இனத்தை நான்கு வேறு உருவங்களில் பார்க்க நேரும். "வழிகாட்டியில் இப்படி ஒரு பறவையே இல்லை" என்ற புலம்பலுக்குப் பெரும்பாலும் இதுதான் காரணம். படம் ஒரு வயதுக்குப் போட்டிருக்கும், நம் முன்னால் நிற்பது வேறு வயது.

கண் வெளிறி இருக்கு, அலகு நீளமா இருக்கு. மெல்லலகுக் கடற்காகம்னு போட்டுடலாமா?

கண்ணை வைத்துப் போட முடியாது, முதிர்ந்த பழுப்புத்தலைக்கும் அதே கண்தான் (மிதக்கும் பறவை பற்றிய பதிலைப் பாருங்கள்). மெல்லலகின் இறக்கை கருந்தலையைப் போன்றது: முன்விளிம்பில் வெள்ளை முக்கோணம். ஆகவே முதிர்ந்த பறவை என்றால் "வெளிறிய கண் + கருந்தலை போன்ற இறக்கை" என்ற சேர்க்கை வேண்டும். கண் மட்டும் என்றால் பழுப்புத்தலை, இறக்கை மட்டும் என்றால் கருந்தலை.

அதன்பின் உருவத்துக்கு வாருங்கள். நெற்றி மேடாக எழாமல் அலகோடு ஒரே சரிவாக இறங்கும். கழுத்து நீளம், எச்சரிக்கையாக நிமிரும்போது அது நன்றாகத் தெரியும். காதுப் புள்ளி மிக மங்கல், பல பறவைகளில் இல்லவே இல்லை. இதற்கு முக்காடு எந்தக் காலத்திலும் வராது. மற்றவை கறுத்துக்கொண்டிருக்கும் மார்ச் கடைசியில் தலை சுத்த வெள்ளையாக ஒரு முதிர்ந்த பறவை நின்றால் அங்கேயே நின்று பார்ப்பது நல்லது. பழுப்புத்தலையும் பயந்து கழுத்தை நீட்டினால் சில விநாடி மெல்லலகுபோலவே தெரியும் என்பதால், ஒற்றைப் படத்தில் கிடைக்கும் கழுத்து நீளத்துக்கு மதிப்பில்லை.

வயிறு ரோஸ் கலரில் இருக்கிறது. இது எந்த இனத்தின் அடையாளம்?

எந்த ஒரு இனத்துக்கும் தனி அடையாளம் இல்லை. உணவில் சேரும் நிறமிகளால் இறகுக்கு வரும் சாயல் அது. மெல்லலகில் அடிக்கடி தெரியும், கருந்தலையிலும் தெரியும். காலை வெயிலும் வெள்ளை இறகுக்கு ரோஸ் பூசும்.

பருந்து மாதிரி பெருசா ஒரு கடற்காகம், கண்ணைச் சுற்றிக் கறுப்பா இருக்கு. என்ன அது?

பெரிய கருந்தலைக் கடற்காகம், பல்லாஸ் கடற்காகம் என்றும் சொல்வார்கள். விரித்த இறக்கை ஒன்றரை மீட்டரைத் தாண்டும். அலகைப் பாருங்கள்: அடி மஞ்சள், நுனிக்கு முன் ஒரு கறுப்புப் பட்டை, நுனியில் சிவப்பு. மூன்று நிறமும் தெரிந்தால் வேறு இனத்துக்கு வேலையில்லை. குளிர்காலத்தில் கண்ணைச் சுற்றியும் பின்தலையிலும் கறுத்த நிழல் இருக்கும், அந்தக் கறுப்பில் கண்ணுக்கு மேலும் கீழும் வெள்ளைப் பிறை. நெற்றி நீளமாகச் சரியும். இதன் முக்காடு மற்றவற்றுக்கு முன்பே, ஜனவரி கடைசி பிப்ரவரியிலேயே கறுக்கத் தொடங்கிவிடும், நிறமும் உண்மையிலேயே கறுப்பு.

முதிர்ந்த பறவையின் வெளி இறக்கை பெரும்பாலும் வெள்ளை, நுனிக்குச் சற்று முன் கறுப்புப் பிறைகள். முதல் குளிர்காலப் பறவையைத்தான் பலரும் தவற விடுகிறார்கள். முதுகு சாம்பல், வயிறு சுத்த வெள்ளை, வெள்ளை வாலில் வெட்டி ஒட்டியதுபோலக் கறுப்புப் பட்டை. அதே வயது ஹியூக்ளின் உடம்பெங்கும் பழுப்புக் கறைகளோடு அழுக்காகத் தெரியும்.

முதுகு கருஞ்சாம்பல், கால் மஞ்சள், அலகில் சிவப்புப் புள்ளி. ஹியூக்ளின்தானே?

ஹியூக்ளின் குழு என்று சொல்வது பாதுகாப்பு. வட ரஷ்யாவின் தூந்திரப் பகுதியில் இனப்பெருக்கம் செய்வது ஹியூக்ளின். கஜகஸ்தான், தென்மேற்கு சைபீரியப் புல்வெளி ஏரிகளிலிருந்து வருவது ஸ்டெப்பி. இரண்டும் நம்மிடம் குளிர்காலத்தைக் கழிக்கின்றன. இரண்டுக்கும் கால் மஞ்சள், அலகு மஞ்சள், கீழ் அலகில் சிவப்புப் புள்ளி. பழுப்புத்தலைக் கூட்டத்துக்குள் நின்றால் ஒரு சுற்றுப் பெரிது, முதுகு வெகுவாக இருண்டது என்பதால் வெறும் பைனாகுலரிலேயே தனித்துத் தெரியும்.

சரி, ஹியூக்ளினா ஸ்டெப்பியா? ஒரு முடிவு சொல்லுங்க.

ஒரே ஒரு குறியை வைத்து முடிவு சொல்ல முடியாது. ஹியூக்ளினின் முதுகு சராசரியாக இன்னும் இருண்டது. குளிர்காலத்தில் பின்கழுத்தில் கோடுகள் உண்டு. இறக்கை இறகு மாற்றம் மிகத் தாமதம்: ஜனவரியிலும் வெளியோரத்து இறகுகள் சில பழையதாகவோ பாதி வளர்ந்ததாகவோ இருக்கலாம். ஸ்டெப்பியின் முதுகு ஒரு படி வெளிறியது, தலை சுத்த வெள்ளை, கண் பெரும்பாலும் கருமையாகத் தெரியும், சிவப்புப் புள்ளியோடு அலகில் கறுப்புப் பட்டையும் அடிக்கடி இருக்கும்.

இவற்றில் மூன்று ஒரே பக்கம் சாய்ந்தால் "ஸ்டெப்பி போன்றது" என்று குறிப்பில் எழுதலாம். ஒன்று அங்கே, ஒன்று இங்கே என்றால் குழுவோடு நிறுத்திக்கொள்ளுங்கள். முதிராத பறவைகளை இந்த அளவுக்குப் பிரிப்பது தேர்ந்தவர்களே சண்டை போடும் விஷயம். காஸ்பியன் கடற்காகம் என்று சொல்ல இன்னும் வெளிறிய முதுகு, நீண்ட ஒல்லி அலகு, சிறிய கறுத்த கண், வெளியோர இறகின் அடிப்பக்கத்தில் நுனிக்கறுப்பை ஊடுருவும் நீண்ட வெளிர்ப்பட்டை எல்லாம் வேண்டும். படமில்லாமல் அந்தப் பெயரை உச்சரிக்காமல் இருப்பதே மேல்.

புத்தகத்தில் ஹியூக்ளின், ஈபேர்டில் வேறு பெயர். எது சரி?

இரண்டும் சரி. பறவைப் பதிவுகளைச் சேர்க்கும் இணையதளமான ஈபேர்ட் (eBird) பின்பற்றும் வகைப்பாட்டில் ஹியூக்ளினும் ஸ்டெப்பியும் தனி இனங்கள் அல்ல, சிறிய கருமுதுகுக் கடற்காகம் என்ற இனத்தின் துணையினங்கள். பெயரை அடித்தால் அடைப்புக்குறிக்குள் ஹியூக்ளின், ஸ்டெப்பி என்று வரும். பழைய புத்தகங்களில் எல்லாக் கடற்காகமும் லாரஸ் என்ற ஒரே பேரினத்தில் இருக்கும். 2005-இல் வந்த மரபணு ஆய்வுக்குப் பிறகு பழுப்புத்தலை, கருந்தலை, மெல்லலகு மூன்றும் குரோயிகோசெஃபாலஸ் என்றும், பெரிய கருந்தலை இக்தியேட்டஸ் என்றும் பிரிக்கப்பட்டன. களத்தில் பறவை மாறவில்லை, பழைய புத்தகத்தைத் தூக்கிப் போட வேண்டியதில்லை.

முதுகு நிறம் ஒரு படத்தில் வெளிர், இன்னொன்றில் இருட்டு. ஒரே பறவைதான்! எதை நம்புவது?

இரண்டையும் நம்பாதீர்கள். சாம்பல் நிறம் ஒளியின் கோணத்துக்கு ஏற்ப மாறும். நம்மை நோக்கி நிற்கும் பறவையும் பக்கவாட்டில் நிற்கும் பறவையும் ஒரே இனமானாலும் வேறு நிறமாகத் தெரியும். ஒரே படத்தில், ஒரே திசையில், அருகருகே நிற்கும் இரண்டு பறவைகளை மட்டுமே ஒப்பிடுங்கள். மேகம் மூடிய நேரம் இதற்குச் சிறந்தது. கேமராவின் தானியங்கி ஒளியமைப்பு ஒவ்வொரு படத்திலும் நிறத்தை மாற்றும் என்பதால், வேறு வேறு படங்களை ஒட்டிவைத்து வாதாடுவதில் பயனில்லை.

தனியா நிக்குது, பக்கத்துல வேற கடற்காகமே இல்லை. அளவை எப்படிச் சொல்றது?

ஏரியில் எப்போதும் ஏதோ ஒரு தெரிந்த பறவை இருக்கும். நாமக்கோழியின் நீளம் ஏறக்குறைய கருந்தலைக் கடற்காகத்தின் நீளம். பழுப்புத்தலை அதைவிடச் சற்றுப் பெரிது, சுமார் 42 செ.மீ. புள்ளிமூக்கு வாத்தின் பக்கத்தில் சமமாக நின்றால் பெரிய கடற்காகம். வானில் என்றால் கரும்பருந்தோடு ஒப்பிடுங்கள், பெரிய கருந்தலையின் இறக்கை விரிப்பு அதற்கு ஈடுகொடுக்கும். இரண்டும் ஒரே தூரத்தில் இருக்கின்றனவா என்று மட்டும் உறுதி செய்யுங்கள். அதிக உருப்பெருக்கத்தில் தூரத்துப் பறவை, முன்னால் இருப்பதற்குச் சமமாகவோ பெரிதாகவோ தோன்றும்.

ஆலா அளவுதான் இருக்கு, ஆனா இறக்கை மேல கோணல்மாணலா கறுப்புக் கோடு ஓடுது. என்ன இது?

முதலில் அளவை உறுதி செய்யுங்கள், முந்தைய பதில் அதற்குத்தான். இளம் பழுப்புத்தலைக்கும் இளம் கருந்தலைக்கும் இறக்கையின் பழுப்புப் பட்டையும் நுனிக் கறுப்பும் சேர்ந்து கோணல் கோடுபோலத் தெரியும். அவை இரண்டும் இல்லை, மீசை ஆலாவோடு பறக்கும்போது அதே அளவு என்றால் சிறு கடற்காகத்தின் முதல் குளிர்காலப் பறவையாக இருக்கலாம். நடுத்தர அளவில், கழுத்தின் பின்னால் கறுப்புப் பட்டையும் சேர்ந்திருந்தால் இளம் கிட்டிவேக். மேல் இறக்கை கறுப்பு, வெள்ளை, சாம்பல் அல்லது பழுப்பு என்று மூன்று தெளிவான முக்கோணங்களாகப் பிரிந்தால் சபைன்.

இவற்றில் எதுவானாலும் பெயர் சொல்வதற்கு முன் படம் எடுங்கள். பறவை இருக்கும்போதே மற்றவர்களுக்குத் தகவல் சொல்லுங்கள். மாலைக்குள் இன்னும் நான்கு பேர் பார்த்தால் பதிவு தானாகவே வலுப்படும்.

புயல் அடிச்ச மறுநாள் ஏரிக்குப் போனால் அரிய கடற்காகம் கிடைக்குமா?

போவது நல்லதுதான், ஆனால் வடகிழக்குப் பருவப் புயல்கள் உள்ளே தள்ளிவிடும் கடல் பறவைகளில் ஆழ்கடல் ஆலாக்களும் அடங்கும். முதுகு கறுத்து நெற்றி வெள்ளையாக இருந்தால் கடற்காகம் என்று முடிவுகட்டும் முன் ஆலாக்களின் பக்கத்தைப் புரட்டுங்கள். தரையில் சோர்ந்து கிடக்கும் பறவையை நெருங்கிப் படமெடுக்க வேண்டாம். வனத்துறைக்குச் சொல்லிவிடுங்கள்.

ஜூன் மாதத்தில் ஒன்று நிற்கிறது, இறகெல்லாம் கிழிந்து வெளுத்து! எந்தப் படத்தோடும் ஒத்துப்போகவில்லை.

முதல் ஆண்டுப் பறவைகள் சில வடக்கே திரும்பாமல் இங்கேயே கோடையைக் கழிக்கும். பிறந்த ஆண்டின் இறக்கை இறகுகளையே ஓராண்டாகச் சுமப்பதால் அவை வெயிலில் வெளுத்துத் தேய்ந்திருக்கும். கறுப்பு பழுப்பாகும், பழுப்பு வெள்ளையாகும், வால் பட்டை பாதி காணாமல் போகும். கறுப்பு நிறமி உள்ள பகுதி வலுவானது, வெள்ளைப் பகுதிதான் முதலில் உதிரும். நிறத்தை ஒதுக்கிவிட்டு அலகு வடிவம், உடல் அளவு, புதிதாக முளைக்கும் உள் இறகுகள் ஆகியவற்றைப் பாருங்கள். கோடைக்காலப் பறவையின் பெயரைச் சொல்ல அவசரமே வேண்டாம்.

கேமராவில் எல்லாமே வெள்ளைக் குமிழ்மாதிரி வருது. செட்டிங் என்ன வைக்கணும்?

ஷட்டர் 1/2000 விநாடி அல்லது அதைவிட வேகம், தொடர் படப்பதிவு, ராவ் கோப்பு. இருண்ட நீரின் பின்னணியில் எக்ஸ்போஷரை மூன்றில் இரண்டு படி குறையுங்கள், இல்லையென்றால் வெள்ளை வெளுத்துப் பரவி, கருந்தலையின் மெல்லிய கறுப்புக் கரையையே தின்றுவிடும். வெளிறிய வானத்தை நோக்கி எடுக்கும்போது அதே அளவு கூட்டுங்கள், இல்லையேல் அடி இறக்கை முழுக்கக் கறுத்துப்போய் எல்லாப் பறவையும் ஒன்றாகத் தெரியும்.

வெயில் முதுகுப்பக்கம் இருக்கும்படி கரையைத் தேர்ந்தெடுங்கள். ஒன்பது மணிக்கு மேல் நீர்ப்பரப்பில் கானல் எழுந்தால் எவ்வளவு விலையுயர்ந்த லென்ஸும் உதவாது. அந்த நேரத்தில் ஸ்பாட்டிங் ஸ்கோப்பின் உருப்பெருக்கத்தையும் 30 மடங்குக்குக் கீழேயே வைத்திருங்கள். அழகான பக்கவாட்டுப் படம் ஒன்றைவிட மேல் இறக்கை, அடி இறக்கை, வால் மூன்றும் தெரியும் மங்கலான மூன்று படங்கள் மேல்.

மெர்லின் ஆப்பில் படத்தைப் போட்டால் அரிய இனம் என்று வந்தது. போதாதா?

போதாது. பறவையை அடையாளம் காட்டும் இந்த ஆப், படத்தில் தெரிவதை ஒப்பிட்டு வாய்ப்புகளைச் சொல்கிறது. இறக்கை நுனி மறைந்திருக்கிறது, பறவை முதல் ஆண்டுக்காரர் என்பதெல்லாம் உங்களுக்குத்தான் தெரிய வேண்டும். இடத்தையும் தேதியையும் சரியாகக் கொடுத்து, ஒரே பறவையின் நான்கைந்து படங்களைத் தனித்தனியாகப் போட்டுப் பாருங்கள். ஒவ்வொன்றுக்கும் ஒவ்வொரு பெயர் சொன்னால், படத்தில் போதிய தகவல் இல்லை என்றே அர்த்தம்.

காலில் வளையம் இருக்கிறது. யாரிடம் சொல்வது?

எந்தக் கால், முட்டிக்கு மேலா கீழா, என்ன நிறம், எழுத்தோ எண்ணோ தெரிகிறதா, எந்தத் திசையில் படிக்க வேண்டும் என்று எல்லாவற்றையும் எழுதுங்கள். படத்தை வெட்டாமல் வையுங்கள். இந்தியாவில் பறவைகளுக்கு வளையமிடும் பணியை நெடுங்காலமாகச் செய்துவருவது பம்பாய் இயற்கை வரலாற்றுச் சங்கம், தகவலை அங்கே அனுப்பலாம். அயல்நாட்டு வளையமானாலும் அவர்கள் மூலம் வழி தெரியும்.

எந்த இனத்தோடும் பொருந்தலை. கலப்பினம்னு எழுதலாமா?

பெரிய கடற்காகங்களில் கலப்பு நிஜமாகவே நடப்பதுதான், ஆனால் அந்த முடிவுக்கு வருமுன் மூன்று விஷயங்களை விலக்க வேண்டும். ஒன்று வயது, இரண்டு இறகு மாற்றம், இவை மேலே வந்துவிட்டன. மூன்றாவது நிறக்குறைபாடு: நிறமி இல்லாமல் சில இறகுகள் வெள்ளையாக முளைக்கும். அது பெரும்பாலும் இரு இறக்கையிலும் ஒரே மாதிரி இருக்காது. இடது இறக்கையில் இருக்கும் வெள்ளை, வலதில் இல்லை என்றால் குறைபாடு என்றே கொள்ளுங்கள். எண்ணெய், சேறு ஒட்டிய வயிறும் புது இனம்போலத் தெரியும். குளித்து முடிக்கும் வரை பொறுத்திருந்து பாருங்கள்.

நான் பார்த்தது நிச்சயம், ஆனா ரிவ்யூவர் ஏத்துக்க மாட்டேங்கிறார். ஏன்?

அந்த இடத்துக்கும் காலத்துக்கும் வழக்கமில்லாத இனத்தைப் பதிந்தால் ஈபேர்ட் விளக்கம் கேட்கும். அதைப் பார்ப்பவர்கள் தன்னார்வலர்கள், உங்களை நம்பவில்லை என்று பொருள் இல்லை. "தெளிவாகப் பார்த்தேன், புத்தகத்தோடு ஒத்துப்போனது" என்ற குறிப்பில் அவர்களுக்கு ஒன்றும் கிடைக்காது. இப்படி எழுதுங்கள்: "முதிர்ந்த பறவை, வால் சுத்த வெள்ளை. வெளி இறக்கையின் முன்விளிம்பு வெள்ளை, பின்னோரம் மெல்லிய கறுப்பு. கண் வெளிறியது. நெற்றி சரிவு. அருகில் இருந்த ஆறு பழுப்புத்தலைகளின் இறக்கை நுனியில் வெள்ளைப் புள்ளிகள் தெரிந்தன, இதில் இல்லை. 80 மீட்டர், காலை 7.20, வெயில் பின்னால்." எந்த இனத்தை ஏன் விலக்கினீர்கள் என்பது அதில் இருக்கிறது, அதுதான் தேவை. குறிப்பைப் பறவை பார்வையில் இருக்கும்போதே, புத்தகத்தைத் திறக்கும் முன் எழுதிவிடுங்கள். பிறகு எழுதினால் படித்ததெல்லாம் பார்த்ததாக வந்து உட்கார்ந்துவிடும்.

பதிவு ஏற்கப்படாவிட்டாலும் அது உங்கள் சொந்தப் பட்டியலில் இருக்கும், பொதுத் தரவில் மட்டும் வராது. பின்னால் நல்ல படம் கிடைத்தால் அதே பட்டியலில் சேர்த்து மீண்டும் கேட்கலாம்.

தூரத்துல ஒண்ணு பறந்துபோச்சு, இனம் தெரியலை. பதியவே கூடாதா?

பதியுங்கள். பழுப்புத்தலை, கருந்தலை இரண்டில் ஒன்று என்று தெரிந்தால் இரண்டு பெயரையும் சாய்கோட்டில் சேர்த்த பதிவைத் தேடுங்கள். அதுவும் தெரியாவிட்டால் இனம் தெரியாத கடற்காகம் என்ற பதிவு இருக்கிறது. உள்நாட்டு ஏரியில் கடற்காகம் வந்தது என்பதே பயனுள்ள தரவு. தேதி, எண்ணிக்கை, எந்தத் திசையிலிருந்து வந்து எந்தப் பக்கம் போனது என்று குறிப்பில் சேர்த்துவிடுங்கள். அடுத்த நாள் காலை அதே திட்டுக்கு எதிர்க்கரையிலிருந்து, வெயிலுக்கு முதுகு காட்டி நின்று பாருங்கள், அதே பறவை அங்கேயே இருக்க நல்ல வாய்ப்பு உண்டு.